உள்ளே போய் வந்த உத்தியோகம்

1989இல் நான் ஜெயிலுக்குப் போனேன். என் மேல் வழக்கு எதுவும் இல்லை. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் ஆர்டர் மட்டும் இருந்தது. ‘மத்திய சிறைப் பள்ளியில் காலியாக உள்ள இடைநிலை ஆசிரியர் பணியிடத்தில்’ என்று தொடங்கிய அந்தத் தாளில் என்ன வகுப்பு, எத்தனை மாணவர், எத்தனை மணிக்கு மணி அடிக்கும் என்ற விவரம் எதுவும் கிடையாது. ஊருக்குப் பக்கத்துப் பள்ளி ஒவ்வொன்றுக்கும் நாலு பேர் சிபாரிசுக் கடிதத்தோடு அலைந்த காலம் அது. இந்த இடத்துக்கு யாரும் சிபாரிசு பிடிக்கவில்லை என்பதிலிருந்தே அதன் அருமை தெரிந்தது.

கல்யாணத்துக்குப் பெண் தேடியபோதுதான் உத்தியோகத்தின் முழு மகிமையும் விளங்கியது. “மாப்பிள்ளை எங்க இருக்காரு?” என்று கேட்டவரிடம் என் சித்தப்பா யோசிக்காமல் “ஜெயில்ல” என்றார். அவரும் யோசிக்காமல் “எத்தனை வருஷம்?” என்றார். அதன்பிறகு அம்மா எங்கள் வீட்டாருக்கு ஒரு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தாள்: கவர்மெண்ட் ஸ்கூல், டவுனுக்குள்ளே, காம்பவுண்டுச் சுவர் பெரிசு. மூன்றும் பொய்யில்லை.

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன் நான். குழந்தை உளவியல் என்று ஒரு தாள் இருந்தது. அதில் நல்ல மதிப்பெண். துணியொட்டுப் பலகையில் ஆமையையும் முயலையும் ஒட்டிக் கதை சொல்லத் தெரியும். அபிநயத்தோடு பாட்டு, களிமண்ணில் உருவம், புளியங்கொட்டையில் கூட்டல் எல்லாம் தெரியும். அதுவரை நான் பாடம் நடத்திய மாணவர்களில் மூத்தவனுக்குப் பத்து வயது. ஜெயிலில் என் முன்னால் முதல் வரிசையில் உட்கார்ந்தவருக்குப் பேரன் இருந்தான். அவருக்கு எதிரே நின்று முயல்போலக் குதித்துக் காட்டுவது எப்படி என்று எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

சிறைப்பணி அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்க வேலூரில் 1979 முதல் ஒரு கழகம் இருக்கிறது. தென் மாநிலங்களிலிருந்து அங்கே அனுப்புவார்கள். எனக்கோ மெயின் கேட்டில் ஒரு டீ குடிக்கும் நேரத்தில் பயிற்சி முடிந்தது. கொடுத்தவர் சீஃப் ஹெட் வார்டர். மீசை நரைத்தவர், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தவர்.

“சார், கேஸ் மட்டும் கேக்காதீங்க. அவனாச் சொல்ல வந்தாலும் பேச்ச மாத்திருங்க. துண்டுச் சீட்டு எதையும் வெளிய கொண்டு போகாதீங்க. ஆத்தா சாகக் கெடக்குன்னாலும் எங்கிட்ட சொல்லச் சொல்லுங்க. அப்புறம், கதவுக்கு முதுகு காட்டி நிக்காதீங்க.”

“அடிப்பாங்களா?”

“அவங்க எதுக்கு சார் அடிக்கிறாங்க? சூப்பிரண்டு ரவுண்டு வர்றது தெரியணும்ல.”

முப்பது வருடத்துக்கு மேல் இந்த மூன்றையும் கடைப்பிடித்தேன். பின்னாளில் சிறைக் கல்வி பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துப் பார்த்தேன். அந்த டீயைவிடப் பிரயோசனமாக ஒன்றும் அகப்படவில்லை. கேஸ் கேட்காமல் இருப்பது சாதாரண சங்கதி இல்லை. ஒருவனைக் குற்றப் பிரிவு எண்ணாகவே பார்க்கிற இடத்தில், அதைத் தெரிந்துகொள்ளாத ஒரே மனுஷன் வாத்தியார்தான் என்பது எங்கள் ஆட்களுக்குப் போகப்போகப் புரிந்தது. அது புரிந்த பிறகுதான் சிலேட்டைத் தொட்டார்கள்.

பள்ளிக்கூடம் தறிக் கொட்டகைக்கும் சமையல் கட்டுக்கும் நடுவில், ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் இருந்தது. ஒரு காதில் தறிச் சத்தம், மறு காதில் அண்டா உருட்டும் சத்தம். சித்திரை, வைகாசியில் கரும்பலகையைத் தொட்டால் சுடும். ஆசிரியருக்குக் கழிப்பறை என்று ஒன்று கிடையாது. போக வேண்டுமென்றால் மூன்று பூட்டுத் திறந்து மெயின் கேட்டுக்கு வர வேண்டும். அதனால் காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவதும் என் பணித்தகுதிகளில் ஒன்றாயிற்று.

எதையெல்லாம் உள்ளே கொண்டுபோகலாம் என்பதற்கு ஒரு பட்டியல் இருந்தது. அதை அன்றைக்குக் கேட்டில் யார் நிற்கிறாரோ அவர் நிர்ணயிப்பார். பென்சில் போகலாம், சீவுகிற பிளேடு போகக் கூடாது. ஆகவே காலையில் நான் கேட்டுக்கு வெளியே திண்ணையில் உட்கார்ந்து முப்பது பென்சில் சீவுவேன். பாரா நிற்பவர் துப்பாக்கியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடமாட உதவுவார். காம்பஸ் வேண்டவே வேண்டாம் என்றார்கள், முனை கூராக இருக்கிறதாம். வட்டம் போட ஒரு நூலின் ஒரு நுனியில் சாக்பீஸைக் கட்டினேன். நூலும் கூடாது என்று அடுத்த வாரம் உத்தரவு வந்தது. அதற்குப் பிறகு எங்கள் பள்ளியில் வட்டம் என்பது கையால் போடுவது. தேசப்படத்துக்கும் ஓர் ஏற்பாடு இருந்தது. உலகப் படம் மாட்டலாம். இந்தியப் படமும் மாட்டலாம். மாவட்டப் படம் மாட்டக் கூடாது. தப்பித்துப் போகிறவன் பிரேசிலுக்குப் போனால் பரவாயில்லை, பக்கத்துத் தாலுகாவுக்குப் போய்விடக் கூடாது என்று நான் புரிந்துகொண்டேன்.

மாணவர் சேர்க்கையும் இதே மாதிரிதான். தறிக்கும் தச்சுப் பட்டறைக்கும் போகிறவனுக்குக் கூலி உண்டு. அது சொற்பம்தான், ஆனால் அதில்தான் சோப்பும் பீடியும், ஊரில் பிள்ளைக்கு ஒரு மணியார்டரும். பள்ளிக்கு வந்தால் கூலி இல்லை. ஆக, கைகால் திடமாக இருப்பவனைப் பட்டறை எடுத்துக்கொள்ளும். இருமுகிறவன், கை நடுங்குகிறவன், மாத்திரை போட்டுவிட்டுத் தூங்குகிறவன் என்று மிச்சமானவர்களை என்னிடம் அனுப்புவார்கள். கல்வி கண் திறக்கும் என்று சுவரில் எழுதியிருந்தது. வேலைக்கு ஆகாதவன் என்பதற்கு அந்தச் சுவருக்குள் அனுப்பப்படுவதே அத்தாட்சி.

புத்தகம் ஒன்றாம் வகுப்புப் புத்தகம், கொஞ்சமும் மாற்றமில்லாமல். அணில், இலை, ஈ. ‘எங்கள் வீடு’ என்று ஒரு பாடம். உன் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று மாணவரைக் கேட்கச் சொல்லி ஆசிரியர் குறிப்பு. நான் கேட்டேன். பதில் வரவில்லை. கடைசி வரிசையில் ஒருவர் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். பக்கத்தில் இருந்தவர் மெதுவாகச் சொன்னார்: “அடுத்த பாடத்துக்குப் போங்க சார்.” அடுத்த பாடம் ‘திருவிழா’. அதுவும் சரிப்படவில்லை. அதற்கடுத்தது மழை. மழை யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, அதில் தொடங்கினோம்.

பள்ளிக்கு முதல் எதிர்ப்பு நிர்வாகத்திடமிருந்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஒரு கைதியிடமிருந்து. வெளியே பத்திர எழுத்தர் ஒருவரிடம் வேலை பார்த்தவராம். உள்ளே எல்லோரும் ரைட்டர் என்பார்கள். ஜாமீன் மனு, பரோல் மனு, மேல்முறையீடு, பெண்டாட்டிக்குக் கடிதம், பெண்டாட்டியிடமிருந்து வந்த கடிதத்தைப் படித்துச் சொல்வது எல்லாம் அவர்தான். மனுவுக்கு இத்தனை கட்டு பீடி, கடிதத்துக்கு இத்தனை என்று விலை உண்டு. அழ வைக்கிற கடிதத்துக்குக் கூடுதல். நான் ஆளாளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தால் அவர் பீடிக்கு எங்கே போவார்? “வாத்தியாரு வர்றது அவரு சம்பளத்துக்கு. உங்களுக்கு எழுத்து வந்து என்ன கலெக்டராகப் போறீங்களா?” என்று பிளாக் பிளாக்காகப் போய்ச் சொன்னார். அவர் பேச்சுக்குத் தனி மரியாதை. ஒரு வாரம் வகுப்பில் மூன்று பேர்.

சூப்பிரண்டிடம் போய், படித்த தண்டனைக் கைதியை உதவி ஆசிரியராகப் போட விதியில் இடம் இருக்கிறதல்லவா என்று கேட்டு, ரைட்டரையே வாங்கினேன். தண்டனையில் கழிக்கிற ரெமிஷன் நாள் கிடைக்கும் என்றதும் பீடி வியாபாரத்தைக் கைவிட்டார். வந்த முதல் நாளே என் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து மூடி வைத்தார்.

“இவனுக எதை சார் படிக்கணும்னு ஆசைப்படுறானுக? அணிலையா?”

ஒவ்வொரு கைதிக்கும் ஹிஸ்டரி டிக்கெட் என்று ஒரு அட்டை உண்டு. பெயர், தகப்பன் பெயர், கைதி எண், பிரிவு, தண்டனை, ரெமிஷன், விடுதலைத் தேதி எல்லாம் அதில் இருக்கும். தன் தலையெழுத்து முழுவதும் எழுதியிருக்கிற அந்த அட்டையை வைத்திருப்பவனுக்கு அதில் ஓர் எழுத்துத் தெரியாது. ரைட்டர் அதையே பாடப்புத்தகமாக்கினார். முதல் பாடம் அவனவன் பெயர். இரண்டாவது, அப்பன் பெயர். எழுத்து வருவதற்கு முன்பே எண் வந்துவிட்டது. 302ஐயும் 307ஐயும் 395ஐயும் யாரும் சொல்லித் தராமலே வாசித்தார்கள். நான் புளியங்கொட்டையில் கூட்டலில் ஆரம்பிக்கலாம் என்றிருந்தேன். அவர் கழித்தலில் ஆரம்பித்தார். மொத்தத் தண்டனையில் உள்ளே கழித்த நாள் போக, ரெமிஷன் போக, மீதி எவ்வளவு? கடன் வாங்கிக் கழித்தல் நாலாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாதக்கணக்கில் ஏறாது. இங்கே ஒரு வாரத்தில் ஏறியது. அலுவலகக் கணக்கில் பன்னிரண்டு நாள் தப்பு என்று ஒருவர் கண்டுபிடித்து மனுப் போட்டார். மனுவையும் அவரே எழுதினார். பள்ளியின் முதல் வெற்றி என்று நான் பூரித்தேன். அலுவலகத்தில் அதைப் பள்ளியின் முதல் தொல்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

நான் சேர்ந்த அதே 1989இல் ஐரோப்பியக் கவுன்சில் சிறைக் கல்வி பற்றி ஒரு பரிந்துரை வெளியிட்டிருக்கிறது. சிறையில் கற்பிப்பவர்கள் வயதுவந்தோர் கல்வி முறைகளைக் கைக்கொள்ள வேண்டும், அதற்கு அவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும் என்று அதில் இருக்கிறது. பல வருடம் கழித்து அதைப் படித்தபோது ரைட்டரைத்தான் நினைத்துக்கொண்டேன். அவர் ஐரோப்பாவைக் கேட்கவில்லை. நம் ஊரிலும் தாளுக்குக் குறைவில்லை. நீதிபதி முல்லா தலைமையிலான அகில இந்தியச் சிறைச் சீர்திருத்தக் குழு 1983இல் அறிக்கை கொடுத்தது. 2003இல் ஒரு மாதிரிச் சிறைக் கையேடு, 2016இல் இன்னொன்று. ஐ.நா.வின் மண்டேலா விதிகளில் 104ஆவது விதி கைதிகளின் கல்விக்கே உரியது. எழுத்தறியாதவர்களுக்குக் கல்வி கட்டாயம் என்கிறது. ஒவ்வொன்றிலும் கைதி படிக்கிறார். படிப்பிக்கிறவர் எங்கே உட்காருவார், எதை வைத்துச் சொல்லிக்கொடுப்பார் என்ற இடம் வரும்போது வாக்கியம் சுருங்கிவிடுகிறது.

நான் யாருடைய ஆள் என்பதும் தீரவில்லை. சிறைக்காரர்கள் என்னைக் கல்வித் துறை ஆள் என்றார்கள். அங்கே போனால் ஜெயில் வாத்தியார் என்றார்கள். பள்ளி ஆசிரியருக்குக் கோடை விடுமுறை உண்டு. ஜெயிலுக்கு ஏது கோடை விடுமுறை என்று எனக்குக் கிடையாது. சிறைப் பணியாளருக்கு உள்ள படிகளும் குவார்ட்டர்ஸும் சீருடைக்காரர்களுக்குத்தான் என்று அதுவும் கிடையாது. முதுநிலைப் பட்டியலில் என் பெயர் இரண்டு இடத்திலும் இல்லாத ஆண்டுகள் உண்டு. ஆனால் தேர்தல் வந்தால் மட்டும் நான் சந்தேகமில்லாமல் ஆசிரியன். வாக்குச்சாவடிக்கு ஆர்டர் முதலில் வரும். நார்வேயில் சிறைக்குள் பாடம் நடத்துகிறவர் வெளியே உள்ள பள்ளியின் ஆசிரியராகவே இருக்கிறார், சிறை நிர்வாகத்துக்குக் கீழே இல்லை. கைதிகள் அவரை நம்ப வேண்டும், விடுதலையான பிறகும் அதே பள்ளியில் தொடர முடிய வேண்டும் என்பதற்காக 1960களின் கடைசியிலிருந்து வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். இறக்குமதி முறை என்று அதற்குப் பெயர். நானும் இறக்குமதிதான். அங்கே அது கொள்கை. இங்கே என் கோப்பைக் காணவில்லை.

ஆய்வுக்கு வரும் அதிகாரிகளுக்கு எங்கள் பள்ளி ஒரு புதிர். பதிவேட்டில் ‘இடைநின்றோர்’ என்று ஒரு பத்தி. இந்தியச் சிறைகளில் முக்கால்வாசிப் பேர் விசாரணைக் கைதிகள்; வேலைக்குப் போக வேண்டாத அவர்களுக்குத்தான் படிக்க நேரம் இருக்கும். ஆனால் ‘ஆ’வன்னா பாதியில் இருக்கும்போது ஜாமீன் வந்துவிடும். ஒருவர் ஆய்வின்போது கேட்டார்:

“இடைநிற்றல் ஏன் இவ்வளவு? வீட்டுக்குப் போய்ப் பெற்றோரைப் பார்த்துப் பேசினீங்களா?”

“இல்லைங்க சார்.”

“போய்ப் பேசுங்க. திரும்ப வரவைக்கப் பாருங்க.”

திரும்பி வந்தவர்களும் உண்டு. அது என் முயற்சியால் அல்ல.

2008இல் அண்ணா நூற்றாண்டையொட்டி ஆயுள் கைதிகள் 1,405 பேரை மாநில அரசு முன்விடுதலை செய்தது. தனித்தேர்வர்களாக எட்டாம் வகுப்புத் தேர்வுக்கு நான் தயார் செய்துகொண்டிருந்த கூட்டத்தில் பாதி அந்தப் பட்டியலில் இருந்தது. லட்டு கொடுத்தார்கள், காலைத் தொட்டார்கள், போனார்கள். அந்த ஆண்டு என் தேர்ச்சி விகிதம் குறைந்ததற்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. ‘பேரறிஞர் அண்ணா’ என்று ஒரே வரியில் பதில் எழுத ஆசைதான். பென்ஷனை நினைத்து ஒரு பக்கம் எழுதினேன். 2018இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு வந்தபோது முன்யோசனையாக மெமோவுக்கு முன்பே விளக்கத்தை அனுப்பிவிட்டேன்.

ஆனால் எங்கள் பள்ளியின் பொற்காலம் 2003 ஜூலை. அரசு ஊழியர், ஆசிரியர் வேலைநிறுத்தம். டெஸ்மா சட்டம், ஆயிரக்கணக்கில் கைது, ஏறத்தாழ 1,70,000 பேர் ஒரே வீச்சில் டிஸ்மிஸ். வேலைநிறுத்தம் செய்தவனும் ஜெயிலுக்குப் போனான். செய்யாவிட்டாலும் நான் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும். காலையில் உள்ளே நுழைந்தால் ஒரு பிளாக் முழுவதும் வாத்தியார்கள். தமிழாசிரியர், கணக்கு வாத்தியார், உடற்கல்வி ஆசிரியர், தலைமையாசிரியர் நாலைந்து பேர். என்னோடு பயிற்சிப் பள்ளியில் படித்த ஒருவன் கம்பிக்குப் பின்னால் வேட்டியும் பனியனுமாக நின்றுகொண்டு “டேய், நீ எப்பிடா உள்ள வந்த?” என்றான். “பதினாலு வருஷமா இங்கதான் இருக்கேன்” என்றேன்.

அவர்களைத் தனியாகத்தான் வைத்திருந்தார்கள். ஆனால் வாத்தியார்களைச் சும்மா இருக்க வைக்க எந்தச் சிறையாலும் முடியாது. இரண்டாம் நாளே கணக்கு வாத்தியார் ஒருவர், சாப்பாடு கொண்டுவரும் கைதிக்குக் கம்பி வழியாகப் பின்னம் சொல்லிக்கொடுத்தார். சப்பாத்தி அதற்கென்றே வட்டமாக வந்தது. ஒரு தலைமையாசிரியர் என் வருகைப் பதிவேட்டை வாங்கிப் பார்த்து, கூட்டுத்தொகையில் திருத்தம் போட்டுச் சுருக்கொப்பமும் வைத்துவிட்டார். பயிற்சி பெற்ற ஆசிரியர் விகிதத்தில் மாநிலத்திலேயே முதலிடத்தில் இருந்த பள்ளி அந்த நாட்களில் எங்களுடையதுதான். யாரும் அதைப் புள்ளிவிவரத்தில் சேர்க்கவில்லை. ஜாமீன் கிடைத்து அவர்கள் போனபோது, ஒரு ஆயுள் கைதி என்னிடம் வருத்தமாகக் கேட்டார்: “மறுபடி எப்ப சார் ஸ்டிரைக்கு?”

என் தண்டனைக்காலம் 58 வயதில் முடிந்திருக்க வேண்டும். 2020இல் ஓய்வு வயதை 59 ஆக்கினார்கள்; அடுத்த ஆண்டே 60. ரெமிஷன் கிடைக்கிற இடத்தில் வேலை பார்த்து, இரண்டு முறை நீட்டிப்பு வாங்கியவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். 2023இல் வெளியே வந்தேன். சீஃப் ஹெட் வார்டர் இருந்திருந்தால் கேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போகச் சொல்லியிருப்பார்.

திரும்பிப் பார்க்க வைத்துவிட்டார்கள். சிறைகளில் புதிதாகப் பாடம் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு நாள் திறன் மேம்பாட்டுப் பயிற்சி, நான் கருத்தாளராம். குளிரூட்டிய அரங்கு, புரொஜெக்டர், மேசைக்கு மேசை தண்ணீர் பாட்டில், கழுத்தில் தொங்கவிட அடையாள அட்டை. கழிப்பறை அரங்குக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறாமை வந்தது உண்மை. நிகழ்ச்சி நிரலில் வரவேற்புரை, குத்துவிளக்கு, பாதுகாப்பு நெறிமுறைகள், செய்யக்கூடியவை, செய்யக்கூடாதவை, தேநீர், செயலியில் வருகைப்பதிவு, செயலியில் அறிக்கை, செயலியில் புகைப்படம் ஏற்றுதல், குழு விளையாட்டு. கடைசியாக, மதிய உணவுக்கு முன் இருபது நிமிடம், ‘வயதுவந்தோருக்குக் கற்பித்தல்: அனுபவப் பகிர்வு’. அது நான். முன்னவர்கள் நேரம் எடுத்துக்கொண்டதில் எனக்கு எட்டு நிமிடம் மிஞ்சியது.

குழு விளையாட்டில், நீங்கள் ஒரு விலங்காக இருந்தால் என்னவாக இருப்பீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டார்கள். சிங்கம், யானை, மயில். பயிற்சிப் பள்ளியில் நான் கற்ற முயல் குதியலுக்கு முப்பத்து நாலு வருடம் கழித்து வேளை வந்தது.

வந்திருந்தவர்கள் நல்ல பிள்ளைகள். பலரும் பி.எட்.; இரண்டு பேர் எம்.பில். முடித்தவர்கள். பதினோரு மாத ஒப்பந்தம், தொகுப்பூதியம். எனக்காவது நான் யாருடைய ஆள் என்ற சந்தேகம் இருந்தது. இவர்களுக்கு அந்தச் சந்தேகமே இல்லை, யாருடைய ஆளும் இல்லை. பத்து வருடம் இருந்தால்தான் உள்ளே ஒருவன் வாத்தியாரை நம்புகிறான் என்றால், பதினோராவது மாதத்தில் போகிறவரை என்ன செய்வது? இதை நான் மேடையில் கேட்கவில்லை. எட்டு நிமிடத்தில் அதற்கு இடமில்லை. கேள்வி நேரத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்டது, “சார், சாயங்காலம் எத்தனை மணிக்கு வெளிய விடுவாங்க?” உள்ளே புதிதாக வருகிற எவரும் முதலில் கேட்பது அதுதான் என்றேன். சிரித்தார்கள்.

செயலிதான் என்னை உண்மையிலேயே அசத்தியது. வகுப்பறையில் நின்று, கைப்பேசியில், அந்த நேரத்திலேயே வருகைப்பதிவு செய்ய வேண்டும். கைப்பேசி மெயின் கேட்டைத் தாண்டக் கூடாது. இரண்டும் உத்தரவு, இரண்டும் ஒரே காலையில் ஒரே அரங்கில் சொல்லப்பட்டன, சொன்னவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒருவர் பேசும்போது மற்றவர் தேநீருக்குப் போயிருந்தார். என்ன செய்கிறீர்கள் என்று ஏற்கெனவே பணியில் இருந்த ஒரு பெண்ணைக் கேட்டேன். “வெளிய வந்து, லாக்கர்ல இருந்து போனை எடுத்து, வர்றவங்க எல்லாம் வந்ததாப் போட்டுருவோம் சார்.” பெயிலில் போனவர்களை? “அவங்களும் வந்துருவாங்க சார். அவங்கள எடுக்கறதுக்கு ஆப்பில் பட்டன் இல்ல.” இடைநிற்றலை ஒழித்துவிட்டார்கள். எனக்கு இது தோன்றியிருந்தால் மெமோவே வந்திருக்காது.

மாற்றம் இல்லை என்று சொன்னால் நன்றிகெட்டவன் ஆவேன். இக்னோ பல்கலைக்கழகம் சிறைவாசிகளிடம் கட்டணம் வாங்குவதில்லை. உள்ளேயே படிப்பு மையமும் தேர்வு மையமும் வந்துவிட்டன. 2012இல் வேலூர்ச் சிறையிலிருந்து பிளஸ் டூ எழுதிய பேரறிவாளன் 1,200க்கு 1,096 எடுத்தார். ஒவ்வொரு மே மாதமும் சிறைவாசிகளின் தேர்ச்சிச் செய்தி பத்திரிகையில் வருகிறது. நாற்பத்தைந்து வயதில் தன் பெயரைப் படித்தவன் அந்தச் செய்தியில் வர மாட்டான். அவனுக்குத் தேர்வு எண் கிடையாது. சிறையில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் எழுத்தறியாதவர். அந்த நாலாவது ஆளுக்கு இப்போதும் வருவது பெரும்பாலும் பிள்ளைகளின் புத்தகமோ, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கப் படித்தவரோதான்.

புத்தகங்களும் குவிகின்றன. 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறை ‘கூண்டுக்குள் வானம்’ என்று ஓர் அரங்கு போட்டு, சிறை நூலகங்களுக்குப் புத்தகம் கேட்டது. நல்ல யோசனை, ஜனங்களும் அள்ளிக் கொடுத்தார்கள். நன்கொடைப் புத்தகம் என்றால் நம் ஜனங்கள் எதைக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும். என் காலத்திலும் மூட்டை மூட்டையாக வரும்: பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகள், என்ஜினீயரிங் முதலாம் ஆண்டு, வீட்டில் எலி கடித்த கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி. கொலை வழக்கில் தண்டனை பெற்றவர் குரூப் ஃபோர் எழுதி எந்தத் தாலுகா ஆபீசில் உட்காரப்போகிறார்? ஆனாலும் ஒருவர் அந்த வழிகாட்டியை முழுக்க மனப்பாடம் செய்தார். தமிழ்நாட்டின் மொத்தப் பரப்பளவை எப்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவர் இருந்த அறை எத்தனை அடி என்பதையும் அதே மூச்சில் சொல்வார்.

பயிற்சி முடிந்து சான்றிதழ், குழுப் புகைப்படம். கருத்துப் படிவத்தில் ‘பயிற்சி உங்கள் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்ததா’ என்ற கேள்விக்கு எல்லோரும் ‘ஆம்’ போட்டதாகத் தெரிந்தது. ‘ஆம்’ போட்டால்தான் அடுத்த பக்கத்துக்குப் போகுமாம்.

அந்த எட்டு நிமிடத்தில் என் தொலைபேசி எண்ணைக் கரும்பலகையில் எழுதியிருந்தேன். கரும்பலகை அங்கே அலங்காரத்துக்குத்தான் இருந்தது. சாக்பீஸ் நான் கொண்டுபோனது. ஆப்பில் பட்டன் இல்லை என்ற பெண் சில வாரம் கழித்துக் கூப்பிட்டாள்.

“சார், ஒருத்தர் இருக்காரு. ஐம்பது வயசு. எவ்வளவு சொல்லிக் குடுத்தாலும் ‘க’வுக்கும் ‘த’வுக்கும் வித்தியாசம் தெரியல. கற்றல் குறைபாடுன்னு போட்டு அறிக்கை அனுப்பலாமா?”

“கரும்பலகைல எழுதினா?”

“அது படிக்கிறாரு சார். புத்தகத்துலதான்.”

“புத்தகத்தை எவ்வளவு தூரத்துல பிடிக்கிறாரு?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “கையை நீட்டிப் பிடிக்கிறாரு” என்றாள். நாற்பதைத் தாண்டியவர்களில் எனக்கு வாய்த்த மக்குகளில் பாதிப்பேர் வெள்ளெழுத்துக்காரர்கள். குழந்தை உளவியல் தாளில் வெள்ளெழுத்து கிடையாது. பத்து வயதுக்குள் யாருக்கும் வருவதில்லை.

“கண்ணாடிக்கு யாருக்கு சார் எழுதணும்? கல்விப் பிரிவுல கேட்டா நிதி ஒதுக்கீடு இல்லைங்கறாங்க.”

“கல்வின்னு எழுதாதம்மா. தலைவலின்னு எழுதி ஆஸ்பத்திரி பிளாக்குக்கு அனுப்பு. கண் டாக்டர் முகாம் வர்ற அன்னிக்கு பேரு வந்துரும்.”

“ரிப்போர்ட்ல?”

“ரிப்போர்ட்ல ஸ்மார்ட் போர்டு நல்லா வேலை செய்யுதுன்னு போடு.”

அது மூன்று வாரமாக ஓடவில்லை என்றாள். அதனால் என்ன, கண்ணாடி வரும்வரை அதன் வெள்ளைப் பரப்பில் ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதச் சொன்னேன். ஸ்கெட்ச் பேனா கேட்டில் விட மாட்டார்களாம்.

“இன்னிக்கு கேட்ல யாரு?” என்றேன்.